யார் பெரிய பாக்ஸர்? காலம் தாண்டி ஒப்பிடும்போது கவனிக்க வேண்டியவை

1950-களின் ஹெவிவெயிட் சாம்பியன் ராக்கி மார்சியானோவையும் நம் காலத்து ஹெவிவெயிட் டைசன் ஃப்யூரியையும் ஒரே ரிங்கில் ஏற்றினால் யார் ஜெயிப்பார்? இதற்குப் பதில் சொல்ல அதிக நேரம் ஆகாது. மார்சியானோ 5 அடி 10 அங்குலம், சுமார் 185 பவுண்டு. ஃப்யூரி 6 அடி 9 அங்குலம். 2020 பிப்ரவரியில் வைல்டரோடு இரண்டாவது முறை மோதியபோது 273 பவுண்டு. ஃப்யூரி குத்தக்கூட வேண்டாம், கட்டிப்பிடித்துத் தோளில் சாய்ந்தபடி நின்றாலே மார்சியானோவின் கால்கள் ஐந்தாறு ரவுண்டில் கனக்க ஆரம்பித்துவிடும். ஆனால் இதை வைத்துக்கொண்டு, ஆகவே ஃப்யூரிதான் பெரிய பாக்ஸர் என்று முடிவுகட்டினால் விவாதம் அங்கேயே கெட்டுப்போகிறது.

பாக்ஸிங் ரசிகர்களுக்குள் நடக்கிற வாக்குவாதங்களில் பாதி, இரண்டு கேள்விகளைப் போட்டுக் குழப்பிக்கொள்வதால் வருபவை. இன்னாரும் இன்னாரும் மோதினால் யார் ஜெயிப்பார் என்பது ஒன்று. தன் காலத்தில், தனக்கு வாய்த்த எதிராளிகளை வைத்து, யார் அதிகம் சாதித்தார் என்பது இன்னொன்று. முன்னதற்கு உடம்பும் உத்தியும் கணக்கு. பின்னதற்கு யாரை, எந்த வயதில், எந்த எடையில் வென்றார் என்ற வரலாறு கணக்கு. மிகப் பெரியவர் என்ற பட்டத்தை இரண்டாவது கேள்வியை வைத்துத்தான் கொடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கட்சி. முதல் கேள்வியும் கேட்கத் தகுந்ததுதான். ஆனால் அதற்கு முன்னால் எந்தக் காலத்து விதிப்படி சண்டை என்று பேசி முடித்துக்கொள்ள வேண்டும். அதைச் செய்யாமல் 1940-களின் ராபின்சனா, நம் காலத்து மேவெதரா என்று இறங்கினால் ஆளுக்கொரு சண்டையை மனதில் வைத்துக்கொண்டு பேசுகிறோம்.

1969-ல் ஒரு வேலை நடந்தது. மார்சியானோவையும் அலியையும் ஒரு ஸ்டூடியோவில் நிறுத்திப் பல முடிவுகளைப் படம்பிடித்தார்கள். கம்ப்யூட்டர் எந்த முடிவைச் சொல்கிறதோ அதைக் காட்டப்போகிறோம் என்றார்கள். 1970 ஜனவரியில் அமெரிக்கத் தியேட்டர்களில் மார்சியானோ 13-ஆவது ரவுண்டில் நாக்-அவுட் செய்து ஜெயித்தார். ஐரோப்பாவுக்குப் போன பதிப்பில் அலி ஜெயித்தார். உள்ளே என்ன போடுகிறோமோ அதுதான் வெளியே வரும்.

விதிகளில் முதலில் பார்க்க வேண்டியது எடை. 1980-களுக்கு முன்பு சண்டை நடக்கும் அன்றுதான் எடை பார்ப்பது வழக்கம். வெல்டர்வெயிட் வரம்பு 147 பவுண்டு, அதாவது 66.7 கிலோ. காலையில் 147 காட்டினவர் ராத்திரி ரிங்கில் ஏறும்போதும் கிட்டத்தட்ட அதே ஆள்தான். உடம்பை வற்றவைத்து எடை இறக்கியிருந்தால் அந்த வறட்சியோடேயே 15 ரவுண்டு நிற்க வேண்டும். பத்தாவது ரவுண்டில் கால் போய்விடும். அதனால் பெரும்பாலும் அவரவர் இயல்பான எடைக்குப் பக்கத்திலேயே சண்டை போட்டார்கள்.

இப்போது முந்தின நாளே எடை பார்த்துவிடுகிறார்கள். கையில் 24 முதல் 36 மணி நேரம் இருக்கிறது. கடைசி வாரம் உப்பையும் மாவுச்சத்தையும் குறைப்பது, கடைசி நாள் தண்ணீரை நிறுத்துவது, ஸானாவிலும் வெந்நீர்த் தொட்டியிலும் உட்கார்ந்து வியர்வையாக வெளியேற்றுவது, தராசிலிருந்து இறங்கியதும் உப்புநீர்க் கரைசலும் சோறும் பாஸ்தாவுமாக ஏற்றிக்கொள்வது என்று இது தனிக் கலையாகவே ஆகிவிட்டது. பத்துப் பதினைந்து பவுண்டு கூடுவது இன்று சகஜம். எல்லை மீறிப்போன ஒரு உதாரணம் இருக்கிறது. 2000 பிப்ரவரி 26-ல் நியூயார்க்கில் ஆர்ட்டுரோ கட்டியும் ஜோயி கமாஷும் மோதினார்கள். முந்தின நாள் தராசில் கட்டி 141 பவுண்டு. ரிங்கில் ஏறும்போது 160. பெயருக்கு ஜூனியர் வெல்டர், ஆள் மிடில்வெயிட் (வரம்பு 160). இரண்டாவது ரவுண்டில் கமாஷ் விழுந்தார், மூளையில் காயம், அதற்குப் பிறகு அவர் சண்டை போடவே இல்லை. உலகப் பட்டம் தரும் அமைப்புகளில் ஒன்றான ஐபிஎஃப் பல காலம் சண்டையன்று காலையில் மறுபடி எடை பார்த்து, வரம்புக்கு மேல் 10 பவுண்டுக்கு அதிகமாகக் கூடக் கூடாது என்று வைத்திருந்தது.

ஆகவே 1940-களின் 147-ம் இன்றைய 147-ம் ஒரே எண்ணாக இருந்தாலும் ஒரே உடம்பு இல்லை. இன்றைய லைட்வெயிட் பலர் அன்றைய விதியில் வெல்டராகத்தான் நின்றிருப்பார்கள். ஹென்றி ஆம்ஸ்ட்ராங் 1938 மே 31-ல் பார்னி ராஸிடமிருந்து வெல்டர் பட்டத்தைப் பறித்தபோது அவருடைய எடை 133½ பவுண்டு. லைட்வெயிட் வரம்பான 135-ஐக்கூட அவர் தொடவில்லை! ஆம்ஸ்ட்ராங்கை இன்றைய வெல்டர் ஒருவரோடு நிறுத்தி, சின்ன ஆள், தாங்க மாட்டார் என்று சொல்பவர்கள் இந்தக் கணக்கைப் பார்ப்பதே இல்லை. இன்றைய விதியில் அவர் எந்தப் பிரிவில் நின்றிருப்பார் என்றுதான் கேட்க வேண்டும். 126 அல்லது 130-ல் நின்று அத்தனை பேரையும் மூச்சுவிடாமல் துரத்தியிருப்பார்.

அடுத்தது ரவுண்டு. பட்டப் போட்டி 15 ரவுண்டு என்பது பல காலம் நிலைத்திருந்தது. 1982 நவம்பர் 13-ல் லாஸ் வேகஸில் ரே மன்சினியோடு மோதிய கொரிய வீரர் கிம் டுக்-கூ 14-ஆவது ரவுண்டில் விழுந்து, சில நாளில் இறந்துபோனார். அதையடுத்து டபிள்யூபிசி என்ற பட்ட அமைப்பு 12 ரவுண்டாகக் குறைத்தது. மற்ற அமைப்புகள் 1980-களின் இறுதிக்குள் பின்தொடர்ந்தன. மூன்று ரவுண்டு, ஒன்பது நிமிஷம். ஆனால் அந்த ஒன்பது நிமிஷத்தில் வரலாறே மாறியிருக்கிறது.

1941 ஜூன் 18. பில்லி கான், ஜோ லூயிஸைவிடச் சுமார் 30 பவுண்டு எடை குறைந்தவர், 12 ரவுண்டு முடிவில் இரண்டு பேருடைய கணக்கில் முன்னிலை, மூன்றாமவர் கணக்கில் சமம். 12 ரவுண்டுச் சண்டையாக இருந்திருந்தால் கான்தான் ஹெவிவெயிட் சாம்பியன். 13-ஆவதில் நாக்-அவுட் தேடி முன்னே போனார், லூயிஸ் முடித்துவிட்டார். 1952 செப்டம்பர் 23, பிலடெல்ஃபியா. ஜெர்சி ஜோ வால்காட் மூன்று பேருடைய கணக்கிலும் முன்னிலை. 13-ஆவது ரவுண்டில் மார்சியானோவின் வலது கை ஆறேழு அங்குலத் தூரமே பயணம் செய்து தாடையில் இறங்கியது. வால்காட் கயிற்றில் ஒரு கை தொங்க மடிந்து உட்கார்ந்தார். மார்சியானோவின் கணக்கை 49-0 (49 வெற்றி, தோல்வியே இல்லை) என்று நாம் மந்திரம்போலச் சொல்கிறோமே, இன்றைய விதியில் அது 49-0 இல்லை. 1981 செப்டம்பர் 16-லும் இதே கதைதான்: 13 ரவுண்டு முடிவில் தாமஸ் ஹெர்ன்ஸ் மூன்று கணக்கிலும் முன்னால் இருந்தார், சுகர் ரே லெனார்ட் 14-ஆவதில் நிறுத்தினார்.

இது இரண்டு பக்கமும் வெட்டும். 15 ரவுண்டுக்குப் பழகியவர்கள் ஆரம்பத்தில் சேமித்துவைப்பார்கள். 12 ரவுண்டுக்குப் பழகியவர்கள் முதல் ரவுண்டிலிருந்தே அதிகக் குத்து விடுவார்கள். மிடில்வெயிட் சாம்பியன் ஹேக்லரை 1987-ல் லெனார்ட் வென்றது ஒரு பாடம்: 12 ரவுண்டு, 20 அடி ரிங், 10 அவுன்ஸ் கையுறை என்று தனக்குத் தோதான ஏற்பாட்டைப் பேச்சுவார்த்தையிலேயே வாங்கிக்கொண்டார். தீர்ப்பு ஒரே ஒரு ஜட்ஜின் வித்தியாசம். அந்த மூன்று நிபந்தனையில் ஒன்று மாறியிருந்தாலும் நான் ஹேக்லர் பக்கம் பணம் கட்டுவேன்.

கையுறையைப் பற்றி நீட்ட வேண்டாம். இன்று வெல்டர் வரை 8 அவுன்ஸ், அதற்கு மேல் 10. ஃபோர்மனோடு கின்ஷாசாவில் மோதியபோது அலி மாட்டியிருந்தது 8 அவுன்ஸ்; அதற்கு முந்திய காலத்தில் 5, 6 அவுன்ஸும் உண்டு. சின்னக் கையுறை கை இடுக்கில் நுழையும், தோலைக் கிழிக்கும். பெரியது தடுப்பதற்கு உதவும்.

நடுவர் விஷயம் இதைவிடப் பெரிது. 1919 ஜூலை 4-ல் டோலிடோவில் ஜாக் டெம்ப்சி முதல் ரவுண்டிலேயே ஜெஸ் வில்லார்டை ஏழு தடவை வீழ்த்தினார். அந்தப் படத்தைப் பாருங்கள்: வில்லார்ட் முட்டி தரையிலிருந்து எழும்போதே டெம்ப்சி பக்கத்தில் நின்று அடுத்ததை இறக்குகிறார். விழுந்தவர் எழும் வரை தூரத்து மூலைக்குப் போக வேண்டும் என்ற விதி அப்போது இல்லை. 1927 செப்டம்பர் 22, சிகாகோவில் அந்த விதி வந்துவிட்டது. டெம்ப்சி பழக்கதோஷத்தில் பக்கத்திலேயே நிற்க, நடுவர் எண்ணத் தொடங்கத் தாமதமாகி, ஜீன் டன்னிக்குச் சுமார் 14 விநாடி கிடைத்தது. எழுந்து ஓடி, தீர்ப்பில் ஜெயித்தார். டெம்ப்சியை இன்றைய ஆளோடு மோதவிடும்போது எந்த டெம்ப்சியை அனுப்புகிறீர்கள் என்று கேட்பது இதனால்தான். விழுந்தவர் தலைமேல் நிற்க முடியாத டெம்ப்சி பாதி டெம்ப்சிதான்.

விதிகளைச் சமன்செய்த பிறகும் ஒரு பெரிய வேறுபாடு மிஞ்சும். எத்தனை முறை சண்டை போட்டார்கள் என்பது.

1943 பிப்ரவரி 5. சுகர் ரே ராபின்சனுக்கு வயது 21. டெட்ராய்டில் தன்னைவிட 16 பவுண்டு கூடுதல் எடையுள்ள ஜேக் லமோட்டாவிடம் தோற்றார். எட்டாவது ரவுண்டில் கயிற்றுக்கு வெளியே விழுந்தார். தொழில்முறையில் அவருடைய முதல் தோல்வி. இரண்டு வாரம் கழித்து, பிப்ரவரி 19-ல், நியூயார்க்கில் ஜாக்கி வில்சனோடு பத்து ரவுண்டு, வெற்றி. இன்னும் ஒரு வாரம், பிப்ரவரி 26, மறுபடி டெட்ராய்ட், மறுபடி லமோட்டா. இந்தத் தடவை ராபின்சன் வெற்றி. 22 நாளுக்குள் மூன்று சண்டை. அதில் இரண்டு, பிறகு உலக மிடில்வெயிட் சாம்பியன் ஆகப்போகிற ஒருவரோடு. இன்று ஒரு முன்னணி வீரர் தோற்றால் எட்டு மாதம், ஒரு வருஷம் இடைவெளி, பிறகு ஒரு சுலபமான எதிராளி, பிறகுதான் மறுமோதல் பற்றிப் பேச்சே எழும்.

லமோட்டாவிடம் தோற்ற பிறகு ராபின்சன் 1951 ஜூலையில் ராண்டி டர்பினிடம் தோற்கும் வரை 91 சண்டை தோல்வியில்லை. அந்தக் கட்டத்தில் அவருடைய கணக்கு 128 வெற்றி, 1 தோல்வி, 2 சமம். ஜோ லூயிஸ் 1940 டிசம்பர் முதல் 1941 ஜூன் வரை ஏழு மாதத்தில் ஏழு தடவை பட்டத்தைக் காத்தார். ஆம்ஸ்ட்ராங் 1937-ல் மட்டும் 27 சண்டை, 27 வெற்றி, அதில் 26 நாக்-அவுட்.

இப்படி அடிக்கடி மோதினால் என்ன கிடைக்கும்? ஸ்பாரிங்கில், அதாவது பயிற்சி மோதலில், கற்க முடியாதது கிடைக்கும். பத்து வகை ஆட்களை நிஜக் கோபத்தோடு எதிர்கொண்டவனுக்கு, பதினோராவது ஆள் தோளை அசைக்கும்போதே என்ன வரப்போகிறது என்று தெரியும். பழைய படங்களில் நெருங்கி நின்று மோதும் வித்தையைப் பாருங்கள்: எதிராளியின் முழங்கை மடிப்பில் கையை வைத்து அமுக்குவது, நெற்றியைத் தோளில் ஊன்றி இடம் உண்டாக்கிக்கொள்வது, அரை அடி பக்கவாட்டில் நகர்ந்து விலாவில் இறக்குவது. இன்று நெருங்கினதும் கட்டிப்பிடிக்கிறார்கள், நடுவர் பிரித்துவிடுகிறார். அந்த வித்தைக்கு வேலையே இல்லாமல் போயிற்று. மறுபக்கம் இழப்பும் பெரிது. காயம் ஆறுமுன் அடுத்த சண்டை, கை வீக்கத்தோடு சண்டை, மூளை அடிவாங்கி ஓய்வெடுக்க நேரமின்மை. பழைய தலைமுறையில் எத்தனை பேர் முதுமையில் நினைவு தப்பி வாழ்ந்தார்கள் என்பதையும் சேர்த்துத்தான் அந்தக் காலத்தைப் புகழ வேண்டும்.

இதிலிருந்து தோல்வியில்லாத கணக்கு என்ற விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் இன்றைய விவாதத்தைக் கெடுப்பதில் முதலிடம் அதற்குத்தான். வில்லி பெப் 229 வெற்றி, 11 தோல்வி, 1 சமம். ஆரம்பத்தில் தொடர்ந்து 62 வெற்றி. 1947 ஜனவரியில் விமான விபத்தில் முதுகெலும்பு முறிந்து, அதே ஆண்டில் மறுபடி ரிங்கில் ஏறியவர். அந்த 11-ஐ வைத்து அவரை மேவெதரின் 50-0-க்குக் கீழே தள்ளுகிறவர்கள் கூட்டலை மட்டும் பார்க்கிறார்கள். மேவெதரின் ஐம்பதாவது எதிராளி கோனர் மெக்ரெகர். அதற்கு முன் தொழில்முறை பாக்ஸிங்கில் ஒரு சண்டைகூடப் போடாதவர்.

மேவெதரைக் குறைத்துச் சொல்வது என் நோக்கமில்லை. முன்தோளை உயர்த்தி, தாடையைப் பின்னால் ஒளித்து, வலது கையைக் கன்னத்தோடு வைத்து நிற்கும் அந்தத் தற்காப்பு இந்த விளையாட்டின் மிக அழகான விஷயங்களில் ஒன்று. 2015 மே 2-ல் பிலிப்பைன்ஸின் பாக்கியோ அவர்மேல் 429 குத்து விட்டார். பட்டதாகக் கணக்கில் வந்தவை 81. ஆனால் அந்தச் சண்டை 2010 வாக்கில் நடந்திருக்க வேண்டியது. நடந்தபோது மேவெதருக்கு 38, பாக்கியோவுக்கு 36. லமோட்டாவோடு ராபின்சன் ஆறு தடவை மோதினார். எஸார்ட் சார்ல்ஸ் ஆர்ச்சி மூரை மூன்று தடவை சந்தித்து மூன்றிலும் வென்றார். தன் காலத்து மிக ஆபத்தான ஆளை உச்சத்தில் இருக்கும்போதே தேடிப் போனாரா என்ற கேள்விக்கு மேவெதரின் கணக்கு நல்ல பதில் சொல்லவில்லை. மார்சியானோவுக்கும் இதே அளவுகோல்தான்: லூயிஸை 37 வயதில் வென்றார், வால்காட்டை 38 வயதில்.

இதுவரை படித்தவர்களுக்கு நான் பழைய கட்சி என்று தோன்றலாம். பழைய காலத்தின் பெரிய ஓட்டையையும் சொல்லியாக வேண்டும்: நிறவெறி. 1915-ல் ஹவானாவில் ஜாக் ஜான்சன் பட்டத்தை இழந்ததிலிருந்து 1937-ல் லூயிஸ் பிராடாக்கை வெல்லும் வரை ஒரு கறுப்பருக்கும் ஹெவிவெயிட் பட்டப் போட்டி வாய்ப்பே தரப்படவில்லை. 22 ஆண்டுகள்! டெம்ப்சி கறுப்பு வீரர் ஹாரி வில்ஸோடு மோதவே இல்லை. ஜான்சனும் சாம்பியன் ஆன பிறகு இன்னொரு கறுப்பு வீரர் சாம் லாங்ஃபர்டுக்கு வாய்ப்புத் தரவில்லை. 1940-களில் சார்லி பர்லி, ஹோல்மன் வில்லியம்ஸ், லாய்ட் மார்ஷல் போன்ற கறுப்பு வீரர்கள் பட்டத்துக்கு மோதாமலே ஓய்ந்துபோனார்கள். ஆர்ச்சி மூரையே 1944-ல் தோற்கடித்தவர் பர்லி. அந்த மூருக்குப் பட்ட வாய்ப்புக் கிடைத்தது 1952-ல். இந்தக் கணக்கில் டெம்ப்சியின் இடம் என் பட்டியலில் வெகுவாக இறங்குகிறது. பர்லியின் இடம் ஏறுகிறது.

இன்றைய காலத்துக்கு உள்ள பலம் இங்கேதான். சோவியத் நாட்டு வீரர்களும் கியூபா வீரர்களும் தொழில்முறைக்கு வர முடியாமல் இருந்தார்கள். 1972, 76, 80 என மூன்று ஒலிம்பிக் தங்கம் வென்ற தியோஃபிலோ ஸ்டீவன்சன் ஒரு தொழில்முறைச் சண்டையும் போடவில்லை. அலி காலத்து ஹெவிவெயிட் பிரிவைப் பொற்காலம் என்கிறோம். பொற்காலம்தான், ஆனால் பாதி உலகம் கதவுக்கு வெளியே நின்றது. இன்று உக்ரைன், உஸ்பெகிஸ்தான், ஜப்பான், பிலிப்பைன்ஸ் என்று எல்லா இடத்திலிருந்தும் வருகிறார்கள்.

பட்டங்களை எண்ணுவதிலும் ஒரு தெளிவு தேவை. முன்பு எட்டு எடைப்பிரிவு, பிரிவுக்குப் பெரும்பாலும் ஒரு சாம்பியன். இப்போது 17 பிரிவு, பிரிவுக்கு நான்கு அமைப்பு. பாக்கியோ எட்டுப் பிரிவில் பட்டம் வென்றார் என்கிறோம். 112, 122, 126, 130, 135, 140, 147, 154. இதில் 126-ம் 140-ம் நான்கு பெரிய அமைப்புகளின் பெல்ட் இல்லை. அந்தப் பிரிவின் உண்மையான சாம்பியனை வென்றதால் வந்த மதிப்பு, என் பார்வையில் பல பெல்ட்டுகளைவிட உயர்ந்தது. இதைப் பழைய எட்டுப் படியில் வைத்துப் பார்த்தால் ஃப்ளை, ஃபெதர், லைட், வெல்டர் என்று நான்காகச் சுருங்கும். சுருங்கினாலும் மலைப்பு குறையவில்லை. எட்டுப் பிரிவு மட்டும் இருந்த காலத்தில் நான்கு பட்டம் வென்றவர் ஒருவரும் இல்லை. ஆம்ஸ்ட்ராங் மூன்று, ஆனால் மூன்றையும் ஒரே நேரத்தில் வைத்திருந்தார். அன்று உலகில் இருந்த எட்டுப் பட்டத்தில் மூன்று ஒரே ஆளிடம். 

ஹெவிவெயிட்டுக்கு மேல்வரம்பு இல்லாததால் அது தனி வழக்கு. எடை பார்க்கும் விதியைச் சமன்செய்துவிட்டால் மற்ற பிரிவுகளில் உடம்பு அளவு ஏறக்குறைய நிலையாக இருக்கிறது, அதனால் பழையவரும் புதியவரும் நேராக மோதுவதாகக் கற்பனை செய்யலாம். ஹெவிவெயிட்டில் அப்படி முடியாது. மார்சியானோ இன்று க்ரூஸர்வெயிட். வரம்பு 200 பவுண்டு. லூயிஸும் உச்சத்தில் 200-க்குள்தான். பெரிய உடம்பு எப்படி ஜெயிக்கிறது என்றால், முதலாவது நீளமான ஜாப், அதாவது முன்கையால் நேராக விடும் குத்து; எதிராளி உள்ளே வரக் கூடுதல் தூரம் கடக்க வேண்டும். இரண்டாவது, உள்ளே வந்தபின் கழுத்தின் மேல் சாயும் பாரம். ஆனால் எடை எல்லாவற்றையும் தீர்மானிப்பதில்லை. 260 பவுண்டு ப்ரீமோ கார்னெராவை லூயிஸ் 1935-ல் ஆறு ரவுண்டில் முடித்தார். 2024 மே 18-ல் ரியாத்தில் உக்ரைனின் 223 பவுண்டு உசிக் 262 பவுண்டு ஃப்யூரியை வென்றார். உசிக் உயரம் 6 அடி 3 அங்குலம், அலியின் அதே உயரம். வேகமான காலும் நிற்காத ஜாபும் இருந்தால் 40 பவுண்டைத் தாண்டலாம் என்று இன்றைய ரிங்கிலேயே நிரூபித்துவிட்டார். கார்னெராவுக்கு ஃப்யூரியின் நுணுக்கம் கிடையாது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

என் கணிப்பு: ஜோ லூயிஸுக்கு வைல்டர் சுலபம், லெனாக்ஸ் லூயிஸ் கஷ்டம், உசிக் மிகக் கஷ்டம். ஜோ லூயிஸின் கை வேகம் அபாரம், குத்துகள் குட்டையாக நேராகப் போகும், ஆனால் கால் மெதுவானது. நகர்ந்துகொண்டே இருந்த கானும் வால்காட்டும்தான் அவரை அலைக்கழித்தார்கள். 1947-ல் வால்காட் அவரை இரண்டு தடவை வீழ்த்தினார். உசிக் அந்த வகையில் இன்னும் பெரிய, இன்னும் அசதியில்லாத ஆள், அதோடு இடதுகை நிலை.

அலியிடம் வரும்போது எந்த அலி என்று முதலில் கேட்க வேண்டும். 1967 மார்ச்சில் ஸோரா ஃபோலியை வென்றதற்கும் 1970 அக்டோபரில் ஜெர்ரி குவாரியோடு திரும்பி வந்ததற்கும் இடையே மூன்றரை வருஷம் போயிற்று, 25 வயதிலிருந்து 28 வரை. முதல் அலி கால்களால் தற்காத்தார். கைகளைத் தொங்கவிட்டு, குத்து வரும்போது தலையை நேராகப் பின்னால் இழுப்பார். எந்தக் கோச்சும் கற்றுத்தராத தப்பு அது. தூரத்தைக் கால் அளந்துவைத்திருந்ததால் தப்பித்தார். அந்தத் தப்பின் விலை இடது ஹூக், அதாவது பக்கவாட்டில் வளைந்து வரும் குத்து: 1963-ல் ஹென்றி கூப்பர் வீழ்த்தினார், 1971-ல் 15-ஆவது ரவுண்டில் ஃப்ரேஸியர் வீழ்த்தினார். திரும்பி வந்த அலிக்குக் கால் பாதிதான். தாடையும் நெஞ்சுரமும் மூளையும் வைத்து ஃபோர்மனையும், மணிலாவில் ஃப்ரேஸியரையும் ஜெயித்தார். 1980-ல் சென்னை நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸோடு கண்காட்சிச் சண்டை போட்டது 38 வயது அலி. அவரை நேரில் பார்த்த பாக்கியசாலிகளும் 1966 அலியைப் படத்தில்தான் தேட வேண்டும். பெரும்பாலோர் காட்டுவது அந்த ஆண்டு நவம்பரில் கிளீவ்லாண்ட் வில்லியம்ஸை மூன்று ரவுண்டில் முடித்த சண்டை. பார்க்க அற்புதம்தான். வில்லியம்ஸ் 1964-ல் போலீஸ் குண்டு பாய்ந்து ஒரு சிறுநீரகத்தை இழந்தவர் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு பாருங்கள்.

படத்தை நம்புவதிலும் சிக்கல் உண்டு. ஊமைப்பட காலத்துக் கேமராவைக் கையால் சுற்றினார்கள், விநாடிக்குப் பதினாறு பிரேம் வாக்கில். அதை 24-ல் ஓட்டினால் ஜான்சனும் ஜெஃப்ரிஸும் பொம்மைபோலத் துள்ளுவார்கள். வேகத்தைச் சரிசெய்த பிரதியில் பார்த்தால்தான் ஜான்சன் எதிராளியின் புஜத்தை நடுவழியில் பிடித்து நிறுத்துவது தெரியும். ஹாரி க்ரெப் சண்டை போடும் படம் ஒன்றுகூட மிஞ்சவில்லை. டன்னியைத் தோற்கடித்த ஒரே ஆள் அவர், ஏறக்குறைய 300 சண்டை, பின்பாதி முழுக்க ஒரு கண் பார்வையோடு. படம் இல்லை என்பதற்காக விட்டுவிட முடியாது. காகிதத்தில் உள்ள கணக்கு அவ்வளவு கனம்.

ராபின்சனுக்கும் இதே அநியாயம். வெல்டராக அவர் உச்சத்தில் இருந்த காலத்துப் படம் மிகக் குறைவு. நாம் பார்ப்பதெல்லாம் முப்பதைத் தொட்ட, மிடில்வெயிட் ராபின்சன். அதிலேயே 1957 மே 1, சிகாகோ, ஐந்தாவது ரவுண்டைப் பாருங்கள். 36 முடிய இரண்டு நாள் பாக்கி. எதிரே ஜீன் ஃபுல்மர், அதுவரை நாக்-அவுட் ஆகாதவர், நான்கு மாதம் முன்புதான் ராபின்சனைத் தோற்கடித்தவர். ராபின்சன் வலது கையால் உடம்பில் அடிக்கிறார். ஃபுல்மரின் வலது கை அதைக் காக்க இறங்குகிறது. பின்னால் நகர்ந்தபடியே, எடை பின்காலுக்குப் போகும் அந்தக் கணத்தில், இடது ஹூக். பின்னால் போகும்போது குத்தில் பலம் வராது என்பது பாலபாடம். இடுப்பு திரும்பிய விதத்தில் பலம் முழுசாக வந்தது. ஃபுல்மர் எழ முயன்று பத்துக்குள் முடியவில்லை.

என் வரிசையையும் சொல்லிவிடுகிறேன்: ராபின்சன், ஆம்ஸ்ட்ராங், க்ரெப், அலி, சார்ல்ஸ், லூயிஸ், டுரான், பெப், பாக்கியோ. சார்ல்ஸை ஐந்தாவதாக வைத்ததற்குப் பலர் சண்டைக்கு வருவார்கள். ஹெவிவெயிட் சார்ல்ஸை மறந்துவிட்டு 175 பவுண்டு சார்ல்ஸைப் பாருங்கள்: மூரை மூன்று தடவை, பர்லியை இரண்டு தடவை வென்றவர், லைட் ஹெவி பட்டத்துக்கு ஒரு வாய்ப்பும் கிடைக்காமல். டுரான் 1972-ல் லைட்வெயிட் சாம்பியன், 1989-ல் 37 வயதில் ஐரன் பார்க்லியை வீழ்த்தி மிடில்வெயிட் சாம்பியன். மேவெதர் முதல் இருபதுக்குள் நிச்சயம், முதல் பத்தில் இல்லை. க்ராஃபர்ட் 2025 செப்டம்பரில் இரண்டு பிரிவு ஏறிப்போய் கனெலோவை வென்று 42-0 என்று நின்றார். ஒரே ராத்திரியில் மேவெதருக்குப் பக்கத்தில் வந்துவிட்டார். உசிக் இன்னும் ஏறலாம்.

புதிதாகப் பார்க்க ஆரம்பிப்பவர்கள் முழுச் சண்டையாகப் பாருங்கள், துண்டுகளைப் பார்க்காதீர்கள். முதல் தடவை ஜட்ஜாக உட்கார்ந்து, ரவுண்டை வென்றவருக்கு 10, மற்றவருக்கு 9 என்று போட்டபடி. இரண்டாவது தடவை சத்தத்தை நிறுத்தி, கால்களை மட்டும். லூயிஸ்–கான் 1941-ல் 12, 13; லெனார்ட்–ஹெர்ன்ஸ் 1981-ல் 6-க்குப் பிறகு இருவரும் வேஷம் மாற்றிக்கொள்வது, அதாவது குத்துக்காரர் நகர்வதும் நகர்பவர் துரத்துவதும்; டுரான்–லெனார்ட் 1980 மாண்ட்ரியால் முழுசாக, டுரானின் தலை எந்தத் தோளில் இருக்கிறது என்று பார்த்தபடி. பிறகு உசிக்–ஃப்யூரி முதல் சண்டையில் 8, 9-ஆவது ரவுண்டுகள்: உசிக்கின் முன்கால் ஃப்யூரியின் முன்காலுக்கு வெளியே போகும் ஒவ்வொரு முறையும் இடது கை எங்கே இறங்குகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.